கடல்சட்டம் படிக்கப் போன பெயர்

கடல்சட்டத்தில் ஆராய்ச்சி செய்ய எனக்கு ஒரு வருட பெலோஷிப் கிடைத்திருக்கிறது என்ற கடிதம் வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. அப்படித்தான் அன்றைக்கு நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மலேசியாவில் கெடா மாநிலத்தின் அலோர்ஸ்டாரில் வக்கீலாக இருந்தேன். நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், ஒரு சீன மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மூத்த வக்கீல் ஒருவர், நான், தட்டச்சு செய்ய ஒரு பெண். மாடிப்படி ஏறும்போதே மருந்து வேர்களின் வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். நில வழக்கு, விபத்து வழக்கு, எஸ்டேட்டில் வேலை போனவர்களின் வழக்கு என்று கிடைத்ததையெல்லாம் நடத்தினோம்.

பாடாங் செராய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். பன்னிரண்டு வயதுவரை நான் கடலைப் பார்த்தது கிடையாது. பள்ளிக்கூடம் முடித்து ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, தபால் வழியாகப் படித்துப் பரீட்சை எழுதி வக்கீலானவன் நான். கடல் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு வழக்கு வழியாகத்தான்.

எழுபதுகளின் கடைசியில், நான் வக்கீலாகப் பதிவான புதிதில், கோலக் கெடாவிலிருந்து ஒரு மலாய்க்காரப் படகோட்டி வந்தார். இழுவைப் படகுகள் கரைக்கு இவ்வளவு தூரத்துக்குள் வலை போடக்கூடாது என்று எல்லை இருந்தது. அதை அவர் மீறினார் என்று வழக்கு. அவரைப் பிடித்த அதிகாரி நீதிமன்றத்தில் கடல் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் ஒரு புள்ளியைக் காட்டினார். படகோட்டி தன் கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். குனோங் ஜெராய் மலை இந்த நகத்தின் அளவுக்குத் தெரிந்தது, அப்படித் தெரிந்தால் நான் எல்லைக்கு வெளியே இருக்கிறேன் என்று அர்த்தம் என்றார். நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, எந்த இடத்திலிருந்து அளக்க ஆரம்பித்தீர்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். கரையிலிருந்து என்றார். எந்தக் கரை என்று கேட்டேன். கெடாவின் கரை முழுக்கச் சேறு. தண்ணீர் வற்றினால் கரை எங்கோ தள்ளிப் போய்விடும், ஏறினால் அலையாத்தி மரங்களின் வேருக்கு வந்துவிடும். அவருக்குப் பதில் தெரியவில்லை. கேட்ட எனக்கும் தெரியவில்லை. வழக்கில் தோற்றோம்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. பினாங்குக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். உலக நாடுகளெல்லாம் கூடி வருடக்கணக்காகப் பேசிக் கடலுக்கென்று ஒரு பெரிய ஒப்பந்தம் எழுதி முடித்திருந்த சமயம் அது. அதன் பிரதி ஒன்றை வரவழைத்தேன். படகு வழக்குகள் ஒவ்வொன்றாக என்னிடம் வர ஆரம்பித்தன. மீன்வள இலாகாவில் இருந்த ஒரு மலாய் அதிகாரி, வழக்குகளில் எனக்கு எதிர்ப்பக்கம் சாட்சி சொல்பவர், ஒருநாள் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடல்சட்டம் சம்பந்தமான வேலையில் ஏற்கெனவே இருக்கும் வக்கீல்கள், அதிகாரிகள், நில அளவையாளர்கள் போன்றவர்களுக்கு வருடத்துக்கு ஐந்தாறு பெலோஷிப் கொடுக்கிறார்கள், ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும், பிறகு ஊருக்குத் திரும்பி அதே வேலையைச் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதிய தலைப்பு, சேற்றுக் கரையில் எல்லைக்கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பது. அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் பதில் வந்தது.

என் மனைவி பெண்டாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு வருசம்தானே, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், போய்விட்டு வாருங்கள் என்றாள். நான் கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டேன்.

அங்கேதான் தொடங்கியது. என்னிடம் இருந்த பிறப்புச் சான்றிதழ் நான்காக மடித்து மடித்து, ஆண்டு எழுதியிருந்த இடத்தில் கிழிந்து போயிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். துணைக்கு இன்னொரு காகிதம் வேண்டும், கிறிஸ்தவர்தானே, உங்கள் சர்ச்சில் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வந்தால்கூடப் போதும் என்றார்.

இந்த மாதிரிக் காகித வேலைகளை எனக்கு எப்போதும் அப்பாதான் செய்வார். நான் வக்கீலான பிறகும் கோயில் காகிதம் என்றால் அவர்தான். என் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு கேட்டபோது அவரே போய் வாங்கி, அவரே அலோர்ஸ்டார் பாதிரியார் கையில் கொடுத்தார். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் இந்தத் தடவை அப்பா சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் இருந்தார். கண்ணில் புரை விழுந்து ஆப்பரேஷன் செய்திருந்தார்கள். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நானே கோயிலுக்குப் போனேன்.

சுற்றியிருந்த எஸ்டேட்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கோயில்தான். அம்மா இருந்தவரைக்கும் வருடத்துக்கு ஒருதடவையாவது போவேன். பாதிரியார் புதியவர், என்னைவிட இளையவர். அலமாரியிலிருந்து தோல் அட்டை போட்ட பெரிய பதிவேட்டை இறக்கித் துடைத்தார். முன்னாளில் வந்த வெளிநாட்டுப் பாதிரியார்களின் சாய்ந்த கையெழுத்து. நான் சொன்ன பெயரையும் அப்பா, அம்மா பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார். ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு இன்னும் சில பக்கங்கள் புரட்டி இன்னோர் இடத்தில் நின்றார். ஒரு விரலை முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உங்கப்பா, அம்மா பேரு இதானுங்களே?"

"ஆமா ஃபாதர்."

"இதுல ரெண்டு புள்ளைங்க இருக்காங்க."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. பள்ளியிலும் அடையாள அட்டையிலும் நீதிமன்றத்திலும் என்னுடையதாக இருந்த பெயர். அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. பதினோரு மாதத்தில் இறந்து அடக்கம் செய்யப்பட்டது என்று. அடுத்த இடத்தில், இரண்டு வருடம் கழித்து, அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இன்னோர் ஆண் குழந்தை. அதற்கு எழுதியிருந்தது என் வீட்டுப் பெயர்.

எஸ்டேட்டில் வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் என்பது சாதாரணம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளியில் வாத்தியார் கூப்பிடும் பெயர் எங்களுக்குச் சேர்ந்ததே இல்லை என்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். அதனால் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பாதிரியார் அச்சடித்த சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். 

"எந்தப் பேருக்கு எழுதட்டும்?"

அவர் கேட்டதில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் மேல பேருக்கு என்று சொன்னேன். அவர் எழுதினார். ஞானஸ்நானம் நடந்தது உண்மை, அதை எழுதிக் கொடுப்பதில் தவறில்லை என்று அவர் தனக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். ஓரக் குறிப்பை எழுதவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காரை எடுக்காமல் காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இடது கண்ணில் கட்டோடு, பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வந்த சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கோயிலுக்குப் போய்க் காகிதம் வாங்கி வந்தேன் என்றேன்.  போர்வையின் ஓரத்தை மடித்தார்.

"பெரிய புக்க பாத்தியா?"

"பாத்தேன்பா."

பக்கத்துக் கட்டில்காரர் கழிப்பறைக்குப் போகும்வரை அப்பா காத்திருந்தார். அதற்குப் பிறகு சொன்னார். என் அண்ணன் பிறந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்ப் பதிந்து சான்றிதழ் வாங்கி வந்தார். பிறகு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசர காலம் வந்துவிட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், ஊரடங்கு வந்தது. அண்ணன் காய்ச்சலில் இறந்தபோது அன்று மாலைக்குள் புதைத்தாக வேண்டியிருந்தது. சாவைப் பதிய யாரும் போகவில்லை. நான் பிறந்தபோதும் போகவில்லை. காட்டிலிருந்து ஆட்கள் வந்து போன சமயத்தில் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைகாட்டவே எல்லோருக்கும் பயம். மாதம் ஒருமுறை வந்த பாதிரியார் மட்டும் இரண்டையும் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல பொறந்த சூராட் கேட்டாரு வாத்தியாரு. வூட்ல ஒரு சூராட்தான் இருந்துச்சு, அத குடுத்தேன். ஆம்பளப் புள்ள, ஒரே அப்பா, ஒரே அம்மா. வேற என்னா பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்லா."

எனக்கு அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எழுபதாம் வருடத்து வாக்கில் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டதை அவர் நினைவுபடுத்தினார். அப்பாவுடையது சிவப்பு அட்டை. அவருக்கு எப்படியோ பெர்மிட் கிடைத்தது. எங்கள் லயத்திலேயே ஆறு குடும்பங்கள் காகிதம் சரியில்லாமல் பினாங்கிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டன. என்னிடம் அந்தச் சான்றிதழ் இருந்ததால் எனக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. அந்த நேரத்தில் அதைப்பற்றி வாயைத் திறக்க நான் பைத்தியமா என்றார். அதன்பிறகு நான் சட்டம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். சட்டம் படிக்கிறவனிடம் சொல்ல இன்னும் பயம்.

கடைசியில் அவராகவே இன்னொன்றும் சொன்னார்.

"ஒங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் பேர வாயால சொல்லல. அதான் அன்னைக்கு எழுந்து வெளிய போயிட்டா."

என்றைக்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது பரிசு கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே போனாள். வெயில் தாங்கவில்லை என்று பிறகு சொன்னாள். எனக்கு அப்போது அது பெரிய வருத்தம். இருபத்து மூன்று வருடம் அதை மனதில் வைத்திருந்தேன்.

அன்று சுங்கைப் பட்டாணியில் மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி வரச் சொல்லியிருந்தாள் மனைவி. கடைக்குப் போய் அளவு சொல்லி, இரண்டு ஜோடியைப் பார்த்து, ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கதையோடு ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சத்தியப் பத்திரம் எழுதித் திருத்தக் கேட்டு மனு போடுங்கள், மறைப்பதுதான் தப்பு என்று சொல்லியிருப்பேன். ஆனால் திருத்த ஆரம்பித்தால் அடையாள அட்டை, பரீட்சைச் சான்றுகள், வக்கீலாகப் பதிந்தது, எல்லாவற்றையும் ஒவ்வொரு கவுன்ட்டராகத் திருத்த வேண்டும். அதற்குள் பெலோஷிப் போய்விடும். நான் ஆராய்ந்து முடிவெடுத்ததாகக்கூடச் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் சீட்டைக் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் கொடுத்தேன். அதைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் புறப்பட்டேன். போன இடம் வடக்கே ஒரு துறைமுக நகரம். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நாங்கள் ஆறு பேர். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கடற்படை அதிகாரி, தென்னமெரிக்காவிலிருந்து மீன்பிடிச் சட்டம் எழுதுகிற ஒருவர், பசிபிக் தீவு ஒன்றிலிருந்து கடல் வரைபடம் தயாரிக்கும் ஒரு பெண், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு மறுபடி மாணவர்களாக வந்தவர்கள். முதல் நாள் எங்களை உட்காரவைத்து, எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார் பேராசிரியர். கட்டைவிரலைக் காட்டிய படகோட்டியைப் பற்றிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடற்படைக்காரர் தன் ஊரிலும் ஒரு மலை உண்டு என்றார்.

எனக்குக் கொடுத்த அறையின் கதவில் அண்ணனின் பெயரைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். நூலக அட்டையில் அதே பெயர். தபால் பெட்டியிலும் அதே பெயர். கெடாவில் இருந்தவரை வீட்டிலும் கோயிலிலும் கொஞ்சம் மற்றப் பெயரும் காதில் விழும். அங்கே அந்த ஒன்று மட்டும்தான். யாராவது கூப்பிட்டால் திரும்புவேன், பதில் சொல்வேன். எனக்குள்ளே யாரும் திரும்பவில்லை.

ஆனால் வேலை நன்றாக நடந்தது. சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள், அந்த ஒன்பது மாதத்தில் படித்ததுபோல நான் என் வாழ்க்கையில் படித்ததில்லை. மனம் எங்கும் போகவில்லை, அதனால் புத்தகத்திலேயே கிடந்தது. எங்கள் கரையின் பழைய வரைபடங்கள், கெடாவில் நான் கேட்டுக் கிடைக்காதவை, அங்கே நூலகத்தின் கீழ்த்தளத்தில் இழுப்பறைகளில் இருந்தன. கோலக் கெடா, ஆற்றுவாய், சேற்றுத் திட்டுகள், எல்லாம் குட்டி எண்களாக. படகோட்டிக்காக நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. நீர் வற்றும்போது தெரியும் கரையிலிருந்து அளக்க வேண்டும். அந்தக் கரை எது என்றால், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வரைபடத்தில் எப்படிக் குறித்திருக்கிறதோ அதுதான். சேறு நகர்ந்து போயிருந்தாலும், காகிதம் மாறும்வரை கரை அங்கேதான். அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்து உட்கார்ந்தேன்.

மனைவி வாரம் ஒரு கடிதம் எழுதினாள். மகள் படம் வரைந்து அனுப்பினாள். நான் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பதில் எழுதினேன். அப்பா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதிய கடிதம் ஒன்று வந்தது. கண் நன்றாகத் தெரிகிறது, சோறு கிடைக்கிறதா என்று கேட்டிருந்தார். உறையின்மேல் முகவரிக்கு அந்தப் பெயர். உள்ளே வீட்டுப் பெயர்.

வரைபடம் தயாரிக்கும் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அதிகம் பேசாதவர். அவருடைய தீவில் சில திட்டுகள் பழைய வரைபடத்தில் இருக்கின்றன, கடலில் இல்லை, அதைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி. ஒருநாள் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒரு புனிதரின் பெயர் என்றேன். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, அது என் அண்ணனின் பெயர் என்றும் சொன்னேன். அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, குழந்தையிலேயே போய்விட்டார் என்றேன். வருந்துகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.  எங்கள் ஊரிலும் அப்படிப் பெயர் கொடுப்பதுண்டு என்று சொல்லிவிட்டுத் தன் அளவுகோலை எடுத்துக்கொண்டார். அவர் புரிந்துகொண்டது வேறு. ஆனால் ஒரு மனிதரிடம் அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசி மூன்று மாதம் உலக நாடுகளின் பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை. கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக் கதவுகளும் லிஃப்டும்தான் நினைவில் இருக்கின்றன.

ஊருக்கு வந்தபோது பிள்ளைகள் இரண்டு நாள் என்னிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் மனைவி சாப்பாட்டு மேசையில் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை, ஆனால் திருத்தவும் இல்லை. ஒரு வருடம் இதைத் தூக்கிக்கொண்டா அங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு சொன்னாள்.

"நம்ம கல்யாணத்துல கோயில்ல வாசிச்சது உங்க சொந்தப் பேருதான். மாமா குடுத்த சீட்டுல அதுதான் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு, நான்தான் வீட்டுப் பேரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. கல்யாணத்தன்று பாதிரியார் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

கட்டுரையைச் சிறு புத்தகமாக அச்சடித்துப் பத்துப் பிரதி அனுப்பினார்கள். ஒன்றை மீன்வள அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, இனிமேல் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது கஷ்டம் என்றார். படகோட்டியைத் தேடினேன். அவர் படகை விட்டுவிட்டு மகனோடு பாலிங் பக்கம் ரப்பர் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி கிடைக்கவில்லை. அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கும் புத்தகம் என் அலமாரியில் இருந்தது.

ஒரு பிரதியை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் அப்போது பாடாங் செராய் ஊருக்குள் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது.

"இதுல பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன்.

"ஒம் பேரு?"

"அது இதுல இல்லப்பா."

அவர் தலையாட்டினார். புத்தகத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, வா, இடத்தைக் காட்டுகிறேன் என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. கார் போகிற வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தோம். அப்பா முன்னால் போனார். ஒரு வாய்க்காலைத் தாண்டினோம். இங்கேதான் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, இங்கேதான் தண்ணீர்க் குழாய் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு மேட்டில் நின்று, சின்னப் பிள்ளைகளை இங்கேதான் புதைப்பார்கள் என்றார். பிறகு இல்லை என்று இன்னும் நூறு அடி தள்ளிப் போனார். அங்கும் நின்று பார்த்தார். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருந்தன. வரிசையாக மரங்கள், கீழே வெட்டிப் போட்ட மட்டைகள், ஈர மண். அப்பா குனிந்து ஒரு மட்டையை இழுத்துப் போட்டுவிட்டுக் கீழே பார்த்தார்.

மோட்டார்சைக்கிளில் வந்த காவலாளி, இங்கே என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பா நிமிர்ந்தார்.

"மாடு ஒண்ணு காணோம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே மலாயிலும் சொன்னார்.

மாடு எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். ஒரு ஜெபம் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. எந்த இடத்தைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாததால் சொல்லவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். கால் சேற்றில் புதைந்ததால் சப்பாத்து கனத்தது, அதுதான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வாய்க்காலைத் தாண்டினார். ஊர்க் கடையில் தேநீர் குடித்தோம். மகனுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார், சொன்னேன்.

திருத்த மனுவை நான் பிறகு ஒருதடவை எழுதினேன். தட்டச்சுப் பெண்ணிடம் கொடுக்காமல் நானே இரண்டு விரலால் தட்டினேன். என் மூத்த வக்கீலிடம், வேறு யாருக்கோ என்பதுபோல, கருத்துக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, முப்பது வருடத்துக்குப் பிறகு யாருக்கு என்ன லாபம், விட்டுவிடச் சொல் என்றார். மனுவை நான் தாக்கல் செய்யவில்லை. அது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். படகு வழக்குகளை நடத்திக்கொண்டிருந்தேன். சிலவற்றில் ஜெயித்தேன். கடல்சட்டம் படித்து வந்தவர் என்று வெளியூர்களிலிருந்தும் தேடி வந்தார்கள்.

அடுத்த வருடம் அப்பா எங்களோடு வந்து தங்க ஒப்புக்கொண்டார். அலோர்ஸ்டார் வீட்டில் முன்னறையை நான் கட்சிக்காரர்களைப் பார்க்க வைத்திருந்தேன். அப்பா பின்பக்கம் இருப்பார். மதிய நேரத்தில் நாலு பேர் என்முன் உட்கார்ந்திருக்கும்போதே பின்னாலிருந்து என் வீட்டுப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவார். வந்தவர்கள் யாரையென்று திரும்பிப் பார்ப்பார்கள். நான் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போவேன். பெரும்பாலும் சோறு ஆறுகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.